பவர் தையல் மெஷின் வீல் விரிசல்: எந்த வீல் வாங்குவது, எப்படிக் கழற்றுவது?

ஹூட்கடை_மார்த்தாண்டம்

எல்லோருக்கும் வணக்கம். ஆட்டோ ஹூட், பைக் சீட், படகுக்குத் தார்ப்பாய் என்று கனமான சாமான்கள் தைக்கிற கடை என்னுடையது. மெஷின் பழைய வாக்கிங் ஃபுட் (துணியை மேலிருந்தும் பாதம் பிடித்து நகர்த்துகிற வகை), பல கை மாறி வந்தது. பெயர்ப்பட்டை இல்லை. யாரோ பச்சைப் பெயின்ட் அடித்து எழுத்து, நம்பர் எல்லாவற்றையும் மூடிவிட்டார். அரைக் குதிரைத்திறன் கிளட்ச் மோட்டார், 1440 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1440 சுற்று) என்று தகட்டில் இருக்கிறது.

வலது பக்கத்து வீலில் விரிசல் விழுந்திருக்கிறது. ஸ்க்ரூ துளையில் தொடங்கி, பெல்ட் ஓடுகிற காடி வரைக்கும் மெல்லிய கோடாகப் போகிறது. ஓட்டும்போது வீல் ஆடுகிறது. நான்கு மடிப்பு ரெக்சின் வரும் இடத்தில் மோட்டார் உறுமும், ஊசி நின்றுவிடும். கையால் வீலைச் சுற்றிக் கொடுத்தால்தான் தாண்டும்.

ஒரு கடையில் கேட்டால் "ஜூக்கி கம்பெனி வீல் எல்லாத்துக்கும் சேரும், கொண்டு போங்க" என்கிறார்கள். இன்னொருவர் வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார். ஸ்க்ரூ இரண்டையும் கழற்றிவிட்டேன், வீல் அசையவே இல்லை. எதை வாங்குவது, எப்படிக் கழற்றுவது? வேகத்தைக் குறைக்கவும் வழி இருந்தால் சொல்லுங்கள். தார்ப்பாய்க்கு இந்த வேகம் ஆகாது.

பட்டறை_தக்கலை

வெல்டிங் வைத்தால் போதுமே. இதற்கு எதற்குப் புது வீல்?

வடசேரி_மெக்கானிக்

"எல்லாத்துக்கும் சேரும்" என்று ஒரு வீல் உலகத்தில் கிடையாது தம்பி. ஜூக்கியிலேயே டிடிஎல் வரிசை சாதா லாக்ஸ்டிட்ச் மெஷினுக்கு ஒரு வீல், எல்யூ வரிசை வாக்கிங் ஃபுட்டுக்கு வேறு வீல். வெளியில் பார்த்தால் எல்லாம் கறுப்பு வட்டம். உள்ளே துளையின் விட்டம், துளையின் நீளம், ஸ்க்ரூ எந்த இடத்தில் வருகிறது, காடி மெஷினிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, இந்த நாலும் மாறும்.

பெயர்ப்பட்டை இல்லாததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வெர்னியர் (விட்டத்தை நுணுக்கமாக அளக்கிற கருவி) இருந்தால் அதுவே பெயர்ப்பட்டை. வீல் வெளியே வந்ததும் ஷாஃப்ட்டை மூன்று இடத்தில் அளவு எடுங்கள்: நுனியில், நடுவில், உள்ளே புஷ்ஷை (ஷாஃப்ட்டைத் தாங்குகிற உலோகக் குழல்) ஒட்டி. பழைய ஷாஃப்ட்டில் நடுப்பகுதி தேய்ந்து நுனி மட்டும் அசல் அளவில் இருக்கும். நுனி அளவை மட்டும் சொல்லி வீல் வாங்கினால் நுழையும், ஆனால் பிடிக்காது, மறுபடியும் ஆடும்.

அப்புறம் காடி. மேலே இருந்து பார்த்தால் மோட்டார் புல்லியும் வீல் காடியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளியிருந்தால் மோட்டாரை நகர்த்திச் சரிசெய்யலாம். அதிகம் தள்ளினால் பெல்ட் டேபிள் துளையில் உரசும்.

கழற்றும் விஷயம்: ஸ்க்ரூ இரண்டையும் "கழற்றிவிட்டேன்" என்கிறீர்கள். துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ஸ்க்ரூவுக்கு அடியில் இன்னொரு ஸ்க்ரூ இருக்கும். மேலே உள்ளது கீழே உள்ளதைப் பூட்டுவதற்கு. நிறைய பேர் மேலேயுள்ளதை மட்டும் எடுத்துவிட்டுச் சுத்தியலைத் தூக்குகிறார்கள். உங்கள் வீலில் விரிசல் எப்படி வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு.

குளச்சல்_உப்புக்காற்று

மெக்கானிக் அண்ணாச்சி சொன்னது சரி. அதோடு கடலோரத்து வியாதி ஒன்று உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் ஒரு மெஷினை ஒரு மழைக்காலம் சும்மா போட்டு வைத்தால் போதும், ஷாஃப்ட்டும் வீலும் துருவால் ஒட்டி ஒரே இரும்பாகிவிடும். மார்த்தாண்டம் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தாலும் கைமாறி வந்த மெஷின் எங்கே கிடந்ததோ.

அவசரப்படாதீர்கள். ஸ்க்ரூ துளை வழியாகவும், ஷாஃப்ட் நுனியிலும் டபிள்யூடி-40 அல்லது மண்ணெண்ணெயும் மெஷின் ஆயிலும் கலந்து விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மறுபடியும் விடுங்கள். மெஷினை நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் உள்ளே இறங்காது. மெஷின் தலையை டேபிளிலிருந்து கழற்றி, வீல் பக்கம் மேலே வருகிற மாதிரி சாய்த்து வைத்தால் தானாக இறங்கும்.

வடசேரி_மெக்கானிக்

நல்ல யோசனை. தலையைக் கழற்றும் முன் ஊசியை எடுத்துவிடுங்கள், பாபினையும் எடுங்கள். கிளட்ச் மோட்டாரில் சுவிட்ச் அணைத்த பிறகும் உள்ளே இருக்கிற சக்கரம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் கால் பெடலில் பட்டால் ஊசி விரலில் இறங்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெடலை ஒரு தடவை மிதித்து ஓட்டத்தைக் காலி செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கோட்டாறு_கடைசல்

தக்கலை அண்ணாச்சிக்கு: வெல்டிங் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய வீல் வார்ப்பிரும்பு. சாதா எலக்ட்ரோடை வைத்தால் வெல்டு ஓரத்திலேயே அடுத்த விரிசல் ஓடும். நிக்கல் எலக்ட்ரோடு, முன்கூட்டியே சூடு, பிறகு பையக் குளிரவிடுவது, இதெல்லாம் செய்தால் வார்ப்பிரும்பு ஒட்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே விரிசல் இருப்பது துளை ஓரத்தில். சூட்டில் துளை கோணும். கோணியதை மறுபடி லேத்தில் பிடித்து போரிங் செய்தால் துளை பெரிதாகும். பெரிதானதற்குப் புஷ் அடிக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகு கையில் இருப்பது ஒட்டுப்போட்ட வீல். அது உங்கள் வலது முழங்கைக்குப் பக்கத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றப் போகிறது.

பட்டறை_தக்கலை

வெல்டிங் வேண்டாம் என்றால் பித்தளை வைத்து பிரேஸிங் செய்யலாம். அதில் சூடு குறைவு. ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் மெஷினின் வார்ப்புச் சக்கரங்களை இப்படித்தான் ஒட்டித் தருகிறோம். குலசேகரம், அருமனை பக்கம் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன.

கோட்டாறு_கடைசல்

ரப்பர் ரோலரை ஆள் கையால் சுற்றுகிறார் அண்ணாச்சி. மோட்டார் வைத்தாலும் பைய ஓடுகிறது. தையல் மெஷின் கதை வேறு. பிரேஸிங் நன்றாகத்தான் பிடிக்கும், ஆனால் ஸ்க்ரூ துளை வழியாகப் போகிற விரிசல் என்பதால் ஸ்க்ரூ இறுக்குகிற ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைத்தான் பிளக்கிறோம். வேறு வீலே கிடைக்காத அபூர்வ மெஷின் என்றால் நானே பிரேஸிங் செய்யச் சொல்வேன். இவருக்கு அந்த நிலை இல்லை.

பட்டறை_தக்கலை

சரி, ஸ்க்ரூ துளை விஷயம் ஒத்துக்கொள்ளக் கூடியதுதான். ஆனால் "ஒட்டுப்போட்ட வீல்" என்று எல்லா ஒட்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

திருப்பூர்வாசி_நாகர்கோவில்காரன்

ஊர்க்காரர்கள் இழை என்பதால் எட்டிப் பார்த்தேன். இங்கே திருப்பூரில் இந்த வேலைதான் தினமும்.

எல்லோரும் துளையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் காடியைப் பற்றிப் பேசுகிறேன். ஏனென்றால் ஹூட்கடைக்காரர் இரண்டு தொல்லை சொல்லியிருக்கிறார்: வீல் உடைந்தது, கனத்த இடத்தில் மெஷின் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து. உடைந்த வீலுக்குப் பதிலாக அதே அளவு வீலைத் தேடிப் போட்டால் முதல் தொல்லை மட்டும்தான் தீரும்.

கணக்கு எளிது. மோட்டார் ஆர்பிஎம்மை மோட்டார் புல்லி விட்டத்தால் பெருக்கி, வீல் காடி விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை தையல் என்று வரும். உங்கள் மோட்டார் புல்லி, வீல் காடி இரண்டின் விட்டமும் சொல்லுங்கள். பெல்ட் எந்த உயரத்தில் உட்காருகிறதோ அந்த இடத்தில் அளக்க வேண்டும், விளிம்பில் அளக்கக் கூடாது.

ஹூட்கடை_மார்த்தாண்டம்

மோட்டார் புல்லி 75 மி.மீ, வீல் காடி 80 மி.மீ. பெல்ட் எம்-43.

வடசேரி அண்ணாச்சி சொன்ன மாதிரி டார்ச் அடித்தேன். ஒரு துளையில் அடியில் இன்னொரு ஸ்க்ரூ இருக்கிறது! பெயின்ட்டும் நூல் தூசியும் அடைத்து மூடிக் கிடந்தது. ஊசியால் கிண்டியபோதுதான் வெட்டு தெரிந்தது.

திருப்பூர்வாசி_நாகர்கோவில்காரன்

1440 × 75 ÷ 80 = 1350. வினாடிக்கு இருபத்திரண்டு தையலுக்கு மேல். நைட்டி தைக்க இது ஆமை வேகம், ரெக்சின் நாலு மடிப்புக்கு இது பேய் வேகம்.

இப்போது வீல் காடியை 120 ஆக்கி, மோட்டார் புல்லியை 50 ஆக்குங்கள். 1440 × 50 ÷ 120 = 600. வினாடிக்குப் பத்துத் தையல். வேகம் குறைகிற அளவுக்கு இழுவிசை கூடும். 1350க்கும் 600க்கும் உள்ள விகிதம் 2.25. ஊசி குத்துகிற பலம் ஏறக்குறைய இரண்டே கால் மடங்கு ஆகும். புது மோட்டார் வாங்காமலே.

மோட்டார் புல்லியை 50க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். அவ்வளவு சின்ன புல்லியில் பெல்ட் சுற்றிப் பிடிக்கிற இடம் குறைவு, வழுக்க ஆரம்பிக்கும்.

இரணியல்_சுடிதார்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் பெண்கள் சிலர் சேர்ந்து சுடிதார், நைட்டி தைத்துக் கொடுக்கிறோம். எங்கள் மெஷின்களில் ஒன்று டைரக்ட் டிரைவ். பெல்டே இல்லை, மோட்டார் தலைக்குள்ளேயே இருக்கிறது. அதன் வீல் கீழே விழுந்து விளிம்பு உடைந்துவிட்டது. ஓடுகிறது, ஆனால் பெடலை விட்டால் ஊசி மேலே நிற்காமல் நடுவில் நிற்கிறது. இந்தக் கணக்கு எங்களுக்கும் பொருந்துமா?

வடசேரி_மெக்கானிக்

அக்கா, உங்களுக்குக் கணக்கே வேண்டாம். டைரக்ட் டிரைவில் மோட்டார் ஒரு சுற்று, ஊசி ஒரு குத்து. வீல் கையால் சுற்றுவதற்கு மட்டும்தான்.

ஆனால் ஊசி நடுவில் நிற்கிறது என்றால் அந்த வீலுக்குள் காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகை மெஷின் பலவற்றில் வீலின் உட்பக்கம் சின்னக் காந்தம் பதித்திருக்கும். மெஷின் உடம்பில் இருக்கிற சென்சார் அந்தக் காந்தத்தைப் பார்த்துத்தான் ஊசி மேலே இருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறது. விழுந்த அதிர்ச்சியில் காந்தம் கழன்றிருக்கலாம், அல்லது திரும்ப மாட்டியவர் வீலைக் கொஞ்சம் திருப்பி மாட்டியிருக்கலாம். புது வீல் வாங்கினால் அதே மாடலுக்கு உரியதையே வாங்குங்கள், இங்கே பொதுச் சரக்கு உதவாது. சுத்தியல் தட்டும் வேண்டாம். அந்த ஷாஃப்ட்டில் மோட்டாரே உட்கார்ந்திருக்கிறது.

இரணியல்_சுடிதார்

திருப்பி மாட்டியதுதான் காரணம்போல. துடைப்பதற்காக எங்கள் ஆள் ஒருத்தி கழற்றி மாட்டினாள். ஷாஃப்ட்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது, ஸ்க்ரூ அந்த இடத்தில் இல்லை.

வடசேரி_மெக்கானிக்

அதுதான். சுழலும் திசையில் முதலில் வருகிற ஸ்க்ரூவைத் தட்டையின் மேல் கொண்டுவந்து இறுக்குங்கள், பிறகு இரண்டாவது ஸ்க்ரூ. வீலின் மேல் பகுதி தைப்பவரை நோக்கி வருவதுதான் சுழலும் திசை. இது ஹூட்கடைத் தம்பிக்கும் சேர்த்துத்தான்.

தட்டை எதற்கு என்று பலருக்குத் தெரியாது. ஸ்க்ரூ நுனி இரும்பில் கடிக்கும்போது சுற்றிலும் சின்னப் பிசிறு எழும்பும். ஸ்க்ரூ உருண்டையான இடத்தில் கடித்தால் அந்தப் பிசிறு ஷாஃப்ட் விட்டத்தைவிட உயரமாக நிற்கும், வீலை வெளியே வர விடாது. தட்டையில் கடித்தால் பிசிறு பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். உங்கள் பச்சை மெஷினில் எண்ணெய் ஊறின பிறகும் வீல் வரவில்லை என்றால் இந்தப் பிசிறைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

குளச்சல்_உப்புக்காற்று

புல்லர் போட்டு இழுங்கள். பேரிங் கழற்றுகிற இரண்டு கால் புல்லர் மோட்டார் சைக்கிள் பட்டறையிலேயே இருக்கும். கால்களை வெளி விளிம்பில் மாட்டாதீர்கள், விளிம்பு பிய்ந்து வரும். முடிந்தவரை நடுக்குமிழுக்கு (ஷாஃப்ட் நுழைகிற தடித்த நடுப்பகுதி) பக்கத்தில் மாட்டி, ஷாஃப்ட் நுனிக்கும் புல்லர் முனைக்கும் நடுவில் ஒரு செப்புக் காசு மாதிரி ஏதாவது மெத்தென்ற உலோகத் துண்டு வையுங்கள். கால் சுற்று இறுக்கி, சற்று நேரம் விட்டு, மறுபடி கால் சுற்று.

அலுமினிய வீல் என்றால் சூடு உதவும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். வார்ப்பிரும்பு வீலில் இந்த லாபம் கிடையாது. வீலும் ஷாஃப்ட்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் விரியும். வீலை மட்டும் சட்டென்று சூடாக்கினால்தான் கொஞ்சம் பலன். எண்ணெய் ஊறிய மெஷினில் தீயைக் காட்ட வேண்டாம், ஹாட் ஏர் கன் போதும்.

ஹூட்கடை_மார்த்தாண்டம்

வந்துவிட்டது! அடியில் இருந்த ஸ்க்ரூவை எடுத்து, எண்ணெய் ஊறவிட்டு, புல்லர் போட்டதும் ஒரு சத்தம், அப்புறம் வழுக்கி வந்தது. பிசிறு இருந்ததும் உண்மை. வீலை எடுத்தவுடன் கையில் இரண்டு துண்டாகப் பிளந்தது. வெல்டிங் பேச்சு முடிந்தது.

ஷாஃப்ட் அளவு: நுனியிலும் உள்ளேயும் 15.0, நடுவில் 14.9. தட்டை ஒன்று இருக்கிறது.

பக்கத்துக் கடையில் 120 காடி உள்ள அலுமினிய வீல் கிடைக்கிறது. அதன் துளை 16. நடுவில் ஒரு புஷ் அடித்துக்கொள்ளலாமா?

கோட்டாறு_கடைசல்

16க்கும் 15க்கும் நடுவில் புஷ் என்றால் சுவர் கனம் அரை மி.மீ. அது புஷ் கிடையாது, தகரச் சுருள். ஸ்க்ரூ இறுக்கும்போதே நசுங்கும், வீல் மையம் விலகும். துளையை 22க்கோ 24க்கோ பெரிதாக்கி, அதில் கெட்டியான இரும்புப் புஷ்ஷை இறுக்கமாக ஏற்றி, பிறகு அந்தப் புஷ்ஷில் 15 துளை போடலாம். குமிழில் அவ்வளவு சதை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொரு வழி, துளையே போடாத அல்லது சிறிய துளை உள்ள வீலை வாங்கி உங்கள் ஷாஃப்ட்டுக்கு போரிங் செய்வது. எனக்குப் பிடித்தது இதுதான்.

எப்படிச் செய்தாலும் ஒன்றை லேத்காரரிடம் சொல்லிவிடுங்கள்: துளையைப் போட்ட அதே பிடியில், வீலைக் கழற்றாமல், காடியையும் ஒரு மெல்லிய வெட்டு எடுக்க வேண்டும். தனித்தனியாகப் பிடித்தால் துளையின் மையமும் காடியின் மையமும் இம்மி விலகும். அந்த இம்மியில் பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் இறுகித் தளரும், டேபிள் அதிரும்.

காடியின் அடியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வி பெல்ட் இரண்டு பக்கச் சுவரைத்தான் பிடிக்க வேண்டும், அடியைத் தொடக் கூடாது. காடியின் அடி பளபளவென்று மின்னினால் பெல்ட் அடியில் உட்காருகிறது என்று அர்த்தம். என்ன இறுக்கினாலும் வழுக்கும்.

பட்டறை_தக்கலை

ஸ்க்ரூ? பழையது தேய்ந்திருந்தால் எம்6 (6 மி.மீ.) ஆலன் ஸ்க்ரூ போட்டுக்கொள்ளலாமே.

திருப்பூர்வாசி_நாகர்கோவில்காரன்

ஐயோ வேண்டாம். தையல் மெஷின் ஸ்க்ரூ பெரும்பாலும் அங்குல மரை, அதிலும் தனி வகை. 15/64 அங்குலத்தில் 28 மரை, 1/4 அங்குலத்தில் 40 மரை என்றெல்லாம் வரும். 15/64 என்பது 5.95 மி.மீ., கிட்டத்தட்ட எம்6 தான். அதனால் எம்6 கையாலேயே ஒன்றிரண்டு சுற்று உள்ளே போகும். ஆனால் அதன் மரை இடைவெளி 1 மி.மீ., இதற்கு 0.907. மூன்றாவது சுற்றில் இறுகும். "நல்லா டைட்டா இருக்கு" என்று நினைத்துச் சாவியைப் பலமாகத் திருப்பினால் வீலின் மரை போயே போயிற்று. ரெடிமேட் வீல் வாங்கினால் ஸ்க்ரூவையும் அதோடு கேட்டு வாங்குங்கள்.

புதிதாகத் துளை போட்டு மரை வெட்டுகிற வீல் என்றால் தக்கலை அண்ணாச்சி சொன்ன எம்6 நல்லது. எங்கும் கிடைக்கும்.

வடசேரி_மெக்கானிக்

தம்பி, வீலை மாட்டும் முன் ஒரு நிமிஷம். உங்கள் மெஷினில் மேல் ஷாஃப்ட்டையும் கீழ் ஷாஃப்ட்டையும் பல் பெல்ட் இணைக்கிறதா? தலையைச் சாய்த்து, பின்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள். பழைய வாக்கிங் ஃபுட் பலவற்றில் அப்படித்தான். அந்தப் பெல்ட்டை மாற்ற வேண்டுமானால் வீலையும் அதன் பின்னால் உள்ள பேரிங்கையும் கழற்றித்தான் நுழைக்க முடியும். இப்போது வீல் வெளியே இருக்கிறது. பல் தேய்ந்தோ நார் தெரிந்தோ இருந்தால் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

மாற்றினால் ஹூக் டைமிங் (கீழே நூலைப் பிடிக்கிற ஹூக்கும் ஊசியும் சந்திக்கிற நேரம்) பார்க்காமல் தைக்கக் கூடாது. ஊசி அடிமட்டத்துக்குப் போய், அங்கிருந்து சுமார் 2.4 மி.மீ. மேலே ஏறும்போது ஹூக் முனை ஊசியின் நடுவுக்கு வர வேண்டும். வீலை மட்டும் கழற்றி மாட்டினால் டைமிங் மாறாது, அந்தப் பயம் வேண்டாம்.

இன்னொன்று, ஷாஃப்ட்டின் இடவல ஆட்டம். பழைய மெஷின் சிலவற்றில் வீலின் குமிழ்தான் ஷாஃப்ட்டை வலது பக்கம் நிறுத்தி வைக்கிறது. வீலை உள்ளே தள்ளி, ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடாமலும் கையால் சுற்றினால் கனக்காமலும் இருக்கிற இடத்தில் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். ரொம்ப நெருக்கினால் சூடேறும், விட்டால் டக் டக் என்று தட்டும்.

திங்கள்சந்தை_தையல்

இவ்வளவு பாடுபட வேண்டுமா? சர்வோ மோட்டார் வாங்கி மாட்டினால் வேகத்தைப் பட்டனில் குறைத்துக்கொள்ளலாம். கரண்டும் மிச்சம்.

திருப்பூர்வாசி_நாகர்கோவில்காரன்

கரண்ட் மிச்சம் என்பது உண்மை. கிளட்ச் மோட்டார் தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும், சர்வோ மிதித்தால்தான் ஓடும். சத்தமும் இல்லை. புதிதாக வாங்குகிறவருக்கு நானும் சர்வோதான் சொல்வேன்.

ஆனால் பட்டனில் வேகத்தைக் குறைத்தால் இழுவிசை கூடாது. புல்லியில் குறைத்தால்தான் கூடும். விலை மலிவான 550 வாட் சர்வோவை அடிமட்ட வேகத்தில் வைத்து ரெக்சின் மடிப்பில் விட்டால் அதுவும் திக்கும். சர்வோ போட்டாலும் பெரிய வீல், சின்ன புல்லி வேண்டும். மோட்டார் 200 ஆர்பிஎம் வரை இறங்கும் என்றால் 50க்கு 120 விகிதத்தில் நிமிடத்துக்கு 83 தையல். மூலை திருப்பும்போது ஊசியை எண்ணி எண்ணிக் குத்தலாம்.

குளச்சல்_உப்புக்காற்று

எங்கள் பக்கம் சர்வோவுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, நடுவில் உப்புக்காற்று. சர்க்யூட் போர்டில் பச்சை பிடித்தால் பழுது பார்க்க ஆள் இல்லை, போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். கிளட்ச் மோட்டார் என்றால் காயில் கட்டுகிற ஆள் ஊருக்கு ஒருவர் உண்டு.

திங்கள்சந்தை_தையல்

கடலோரத்துக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் சந்தையில் சர்வோ ஒழுங்காகத்தான் ஓடுகிறது. வோல்டேஜ் ஏறி இறங்கும் இடத்தில் ஸ்டெபிலைசர் வைத்தால் போயிற்று.

ஹூட்கடை_மார்த்தாண்டம்

இப்போதைக்கு கிளட்ச் மோட்டாரோடு போகிறேன். கோட்டாறு அண்ணாச்சி சொன்னபடி சிறிய துளை உள்ள 120 வீல் ஒன்று வாங்கி, லேத்தில் துளையும் காடியும் ஒரே பிடியில் எடுத்தாயிற்று. ஷாஃப்ட்டில் பிசிறை மெல்லிய அரத்தால் தேய்த்து, எமரித்தாள் போட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மாட்டினேன். கையால் தள்ளவே நுழைந்தது. பல் பெல்ட் நன்றாக இருந்ததால் தொடவில்லை. 50 மோட்டார் புல்லியும் வாங்கிவிட்டேன். பெல்ட் என்ன நம்பர் வாங்குவது?

திருப்பூர்வாசி_நாகர்கோவில்காரன்

பெல்ட் ஒவ்வொரு புல்லியிலும் பாதிச் சுற்றுத்தான் சுற்றுகிறது. ஆகவே விட்டம் எவ்வளவு மாறியதோ அதில் பாதியை 3.14ஆல் பெருக்கினால் போதும். வீல் 40 மி.மீ. கூடியது, அதற்கு 63 மி.மீ. கூடுதல். மோட்டார் புல்லி 25 குறைந்தது, அதற்கு 39 குறைவு. மிச்சம் 24 மி.மீ., கிட்டத்தட்ட ஓர் அங்குலம். எம் பெல்ட்டின் நம்பர் அங்குலக் கணக்குத்தான். எம்-44 வாங்குங்கள்.

இறுக்கம் அதிகம் வேண்டாம். நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் 15 மி.மீ. அமுங்க வேண்டும். வீணை நரம்பு மாதிரி இறுக்கினால் மோட்டார் பேரிங்கும் மெஷின் புஷ்ஷும் சீக்கிரம் போகும்.

ஹூட்கடை_மார்த்தாண்டம்

எம்-44 சரியாக உட்கார்ந்தது. நாலு மடிப்பு ரெக்சினும் நடுவில் நைலான் பட்டையும் வைத்துத் தைத்துப் பார்த்தேன், நிற்காமல் தாண்டுகிறது. மூலையில் தையலை எண்ண முடிகிறது.

இரண்டு சில்லறைத் தொல்லை பாக்கி. பாபின் சுற்றுகிற சக்கரம் இப்போது பெல்ட்டைத் தொடுவதில்லை. பெல்ட் கவரும் புது வீலில் உரசுகிறது, அதனால் கழற்றி வைத்திருக்கிறேன்.

வடசேரி_மெக்கானிக்

வீல் பெரிதானதால் பெல்ட் போகிற பாதை விலகியிருக்கிறது. பாபின் வைண்டர் டேபிளில் இரண்டு மர ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. அதைக் கழற்றி, கையால் அழுத்தினால் ரப்பர் பெல்ட்டில் படும்படியும் விட்டால் விலகும்படியும் நகர்த்தி வையுங்கள்.

கவரின் காலுக்கு அடியில் வாஷர் கொடுத்து வெளியே தள்ளுங்கள். போதாவிட்டால் உரசுகிற இடத்தை வெட்டுங்கள். கழற்றி வைத்தபடி மட்டும் ஓட்டாதீர்கள், கடைக்கு வருகிறவர்களின் முந்தானையும் வேட்டி நுனியும் அந்தப் பக்கமாகத்தான் போகும்.

இரணியல்_சுடிதார்

எங்கள் மெஷினில் ஸ்க்ரூவைத் தட்டையில் வைத்து இறுக்கியதும் ஊசி மேலேயே நிற்கிறது, நன்றி அண்ணா. விளிம்பு உடைந்த வீலை அப்படியே விடலாமா?

வடசேரி_மெக்கானிக்

உடைந்த விளிம்பு கையைக் கிழிக்காத மாதிரி அரத்தால் மழுக்கிவிட்டுத் தையுங்கள் அக்கா. ஓடும்போது மெஷின் அதிர்ந்தால் மட்டும் அந்த மாடலின் வீலுக்கு ஆர்டர் கொடுங்கள்.